கற்று முடித்தவர்களின் துறைமுகம்

சத்தம் போடாமல் உட்காருங்கள். இது அறிவாளிகளைப் பற்றிய கதை. அறிவாளிகள் யாராவது இங்கே இருந்தால் எழுந்து போகலாம்; அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒருவரும் எழவில்லையா? நல்லது, தொடங்குகிறேன்.

முன்னொரு காலத்தில், ஆறு கடலோடு சேரும் இடத்தில், ஆமைத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அதற்கு ஓர் அரசன் இருந்தான். அரசனிடம் ஓர் அரண்மனை இருந்தது, ஒரு யானை இருந்தது, மூன்று முற்றுங்கற்றார் இருந்தார்கள். அதிகம் தின்றது யானை இல்லை.

முற்றுங்கற்றார் என்றால் யார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அந்த ஊரில் ஒருவன் ஒரு வித்தையைப் பதினெட்டு ஆண்டு படித்தால், அவனை யானைமேல் ஏற்றிச் சபைக்கு அழைத்து வருவார்கள். சங்கு ஊதுவார்கள். பொற்கொல்லன் வந்து அவனுடைய இரண்டு காதுத் துளைகளிலும் பொன் குமிழ் வைத்து அடைப்பான். "இனி இந்தக் காதுக்குள் போக வேண்டியது உலகத்தில் ஒன்றும் இல்லை" என்று அரசன் முழங்குவான். ஊர் கைதட்டும். அன்றோடு படிப்பு முடிந்தது.

அதற்குப் பிறகு அவன் மூன்று காரியம் செய்யக் கூடாது. யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. "தெரியாது" என்று சொல்லக் கூடாது. அடுத்தவன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டக் கூடாது. மூன்றில் ஒன்று செய்தாலும் குமிழ் போகும், சபையில் இருக்கை போகும், அரசன் கொடுத்த நிலம் போகும்.

குமிழ் காதை நன்றாகவே அடைக்கும். ஆனாலும் சமையற்கட்டிலிருந்து "இலை போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் மூவரும் ஒன்றாக எழுந்துவிடுவார்கள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலாமவர் பெருங்கொற்றன். வயது அறுபது. கடலிலிருந்து வரும் கப்பலை ஆற்றுக்குள் வழிகாட்டிக் கூட்டி வரும் துறைநாயகம் அவர்தான். இரண்டாமவர் அந்துவனார். கடல்நீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று கணித்துச் சொல்லும் கணியர். மூன்றாமவர் கூத்தனார். மற்ற இருவரும் சொல்வதை ஓலையில் எழுதி முத்திரை போடும் ஓலைநாயகம்.

கொற்றனைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகச் சொல்ல வேண்டும். இளவயதில் அவர் உண்மையாகவே படித்தவர். பதினெட்டு ஆண்டு, நாள் தவறாமல், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி ஆழம் பார்த்தவர். எங்கே மணல், எங்கே பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். குமிழ் வைத்த மறுநாள் அந்த ஈயக்குண்டுக்குத் தங்கமுலாம் பூசிச் சுவரில் மாட்டினார். அதற்குத் தினமும் பூ வைத்தார். தண்ணீரில் மட்டும் வைக்கவில்லை.

இப்படி இருபத்திரண்டு ஆண்டு ஓடியது. அவர் படித்தது பழசாகிப் போனது ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அந்த ஆண்டுகளில் ஆமைத்துறைக்குப் பெரிய கப்பலே வரவில்லை. சின்னத் தோணிகள்தான் வந்தன. முழங்கால் தண்ணீரில் மிதக்கும் தோணிக்கு எல்லா வழியும் ராஜபாட்டைதான். அந்தத் தோணிகளின் முன்னால் நின்று கொற்றன் கையை நீட்டி வழிகாட்டுவார் பாருங்கள், குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இனி முள்ளியைச் சொல்ல வேண்டும். அவள் கழிமுகத்துச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கிப் பிழைப்பவள். வயது நாற்பத்தைந்து. தினமும் காலையில் நீர் வற்றும்போது ஒரு மூங்கில் கழியைக் குத்திக்கொண்டு ஆற்றின் வாய் முழுக்க நடப்பாள். நேற்று இருந்த மணல் இன்று எங்கே போனது என்று பார்ப்பாள். வழியில் யார் கிடைத்தாலும் கேட்பாள். உப்பு காய்ச்சுகிறவனிடம் கேட்பாள், வலை பின்னுகிறவளிடம் கேட்பாள், பதில் சொல்லாத நண்டைக்கூடக் குனிந்து பார்த்துக் கேட்பாள்.

"தலை நரைக்கற வயசுல என்னடி இத்தன கேள்வி?" என்று ஊர் சிரிக்கும்.

"நரைச்சா பசிக்காம போயிருதா? அது மாதிரிதான் இதுவும்" என்பாள் அவள்.

அவளுடைய காதில் பொன் இல்லை, ஒரு ஓலைச்சுருள்கூட இல்லை. காது வெறுமனே திறந்து கிடந்தது.

ஓர் ஐப்பசியில் பெருவெள்ளம் வந்தது. கதிர் பிடித்திருந்த வயல்களையெல்லாம் வேரோடு வாரிக்கொண்டு போனது. தோணிகளை உடைத்தது. வாரிய மண்ணை எல்லாம் கொண்டுபோய் ஆற்றின் வாயில் கொட்டியது. தை பிறந்தபோது ஊரில் ஒரு பானையிலும் அரிசி இல்லை. முதலில் ஆடுகள் தீர்ந்தன, பிறகு கிழங்குகள் தீர்ந்தன, பிறகு தாய்மார்களிடம் பால் தீர்ந்தது.

அரசன் நல்லவன்தான். அரசியின் நகைகளை எல்லாம் கீழைத் தீவுக்கு அனுப்பி அரிசி கேட்டான். மூன்று பெரிய கப்பல்களில் அரிசி வந்தது. கரையில் நின்ற சனங்களுக்குத் தூரத்தில் பாய்மரம் தெரிந்தபோதே வாயில் எச்சில் ஊறியது.

ஆனால் கப்பல்கள் ஆற்றுக்குள் வர வேண்டும். வெளிக்கடலில் சரக்கை இறக்கத் தோணி இல்லை. காற்றோ திரும்பப் போகிறது. மூன்று நாளுக்கு மேல் அங்கே நிற்க முடியாது. கடல் ஏறும் நேரத்தில், ஒரு நாளைக்கு ஒரு கப்பலாக உள்ளே கொண்டு வருவது என்று முடிவானது.

முதல் நாள். பெருங்கொற்றன் பட்டுடுத்தி முதல் கப்பலின் முகப்பில் ஏறி நின்றார். தென்பக்கம் கையை நீட்டினார். இருபத்திரண்டு ஆண்டுக்கு முன் அங்கே மூன்று ஆள் ஆழம்.

முள்ளி இடுப்பளவு நீரில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். "ஐயா! அங்க போகாதீங்க! மணல் ஏறிக் கெடக்குய்யா!"

யாரோ ஒரு பெண் தன்னைப் பார்த்து வாழ்த்துவதாக நினைத்துக் கொற்றன் புன்னகை செய்தார். கப்பல் மணலில் மோதியது. அலை வந்து அறைந்தது. பலகை பிளந்து, ஊரின் சோறு ஊரின் கண்ணெதிரே கடலில் கொட்டியது. மாலுமிகள் நீந்திக் கரையேறினார்கள். கொற்றனையும் இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை அவருக்கு. "நான் காட்டின வழி சரி. கப்பல்தான் தப்பாப் போச்சு" என்றார். சபை கூடி விசாரித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; அதைப்போல, கடல்தான் பழைய பாடத்தை மறந்துவிட்டது என்று முடிவு சொன்னது. கூத்தனார் அதை எழுதி முத்திரை போட்டார்.

இரண்டாம் நாள். "வழியில் பிழையில்லை, வேளையில்தான் பிழை" என்று கணியர் அந்துவனார் எழுந்தார். முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய ஓலையைப் பிரித்தார். உச்சிப்பொழுதில் கடல் நிறைய ஏறியிருக்கும், அப்போது எந்தப் பக்கம் வந்தாலும் கப்பல் மிதக்கும் என்றார். ஆனால் வெள்ளம் கொட்டிய மேடு ஆற்றின் வாயில் குறுக்கே கிடந்ததே! அதைத் தாண்டி நீர் ஏற இப்போது இரண்டு நாழிகை பிந்துகிறது.

முள்ளி ஓடி வந்து அவர் முன்னால் நின்றாள். தன் காலைக் காட்டினாள். "பாருங்கய்யா, கணுக்கால்தான் நனைஞ்சிருக்கு. தண்ணி இன்னும் வரல."

அவள் காட்டியது காலை ஆதலால், காது அடைபட்டிருந்தாலும் அந்துவனாருக்குப் புரிந்தது. அவர் ஓலையைத் தட்டிக் காட்டினார். "வந்துவிட்டது. இதோ, இதில் வந்துவிட்டது!"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டுத் தண்ணீர் கப்பலுக்கு உதவுமா? இரண்டாம் கப்பலும் மேட்டில் ஏறி நின்றது. சாய்ந்தது. நீர் வந்து சேர்ந்தபோது அது உடைந்து கிடந்த கப்பலின் மேல்தான் வந்து சேர்ந்தது.

அன்று மாலை பெருங்கொற்றன் கரையோரமாக நடந்தார். ஒரு தாய் கடலில் அள்ளிய அரிசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெண்குழந்தை ஒரு வாய் வாங்கியது. உப்பு தாங்காமல் துப்பியது. துப்பியதை மறுபடி மணலிலிருந்து பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டது.

கொற்றன் அதைப் பார்த்தார். காதில் இருந்த குமிழ் இரண்டையும் பிடுங்கினார்.

சோற்று அழைப்பைத் தவிர, இருபத்திரண்டு ஆண்டில் முதன்முதலாக அவர் காதில் விழுந்தது அவருடைய பெயர்தான். கரை முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருந்த சொற்களை நான் சொல்ல மாட்டேன், குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் விடிந்தது. ஒரே ஒரு கப்பல் மிச்சம். அதுவும் போனால் அந்த ஊரில் மாசி மாதத்தைப் பார்க்க யாரும் இருக்கப் போவதில்லை. அரசனும் சபையாரும் ஊராரும் கரையில் நின்றார்கள்.

கொற்றன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக முள்ளியிடம் போனார். அறுபது வயது மனிதர், பட்டுடுத்தியவர், மட்டி பொறுக்குகிறவள் முன்னால் நின்று கேட்டார்:

"முள்ளி, வழி எங்க இருக்கு?"

கூட்டம் மூச்சை இழுத்தது. கப்பல் உடைந்தபோதுகூட அப்படி அதிரவில்லை. "கேட்டுவிட்டான்! கேள்வி கேட்டுவிட்டான்!" என்று, கூட்டம் பதறியதைப் பார்த்தே விஷயம் புரிந்த கூத்தனார் கத்தினார். அங்கேயே ஓலையை எடுத்து, கொற்றனின் குமிழும் இருக்கையும் நிலமும் போயிற்று என்று எழுதி முத்திரை போட்டார். ஊர் சாகக் கிடக்கும்போதும் முத்திரை மட்டும் அந்த ஊரில் தாமதமானதே இல்லை.

முள்ளி என்ன பதில் சொன்னாள் என்று நினைக்கிறீர்கள்? "அதோ, அங்கே" என்று கையை நீட்டினாள் என்றா?

"தெரியாதுங்கய்யா" என்றாள்.

கொற்றன் திகைத்தார். "நீதான தெனமும் பாக்குற?"

"நேத்துக் காலையில தெரியும். ரெண்டு கப்பல் குறுக்க விழுந்து தண்ணி வேற பக்கம் அறுத்திருக்கும். இன்னிக்கி இன்னும் எறங்கிப் பாக்கல. வர்றீங்களா?"

அந்த ஒரு பதிலில் இருந்த அறிவு மூன்று பேரின் ஆறு குமிழ்களில் இல்லை.

இருவரும் இறங்கினார்கள். கொற்றன் பட்டை வரிந்து கட்டிக்கொண்டார். முள்ளி கழியால் குத்திப் பார்த்தாள், காலால் துழாவினாள், நீரின் நுரை எங்கே பிரிகிறது என்று பார்த்தாள். அவள் செய்ததை அவரும் செய்தார். முதலில் வழுக்கினார். பிறகு முள்ளை மிதித்தார். மூன்றாவது முறை காலை எடுத்து வைத்தவர் 'தொபுக்' என்று கழுத்துவரை போய்விட்டார்.

கரையில் பசியோடு நின்ற சனங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அரசனும் சிரித்தான். முள்ளி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்படியே நில்லுங்கய்யா! அசையாதீங்க! கால் எட்டுதா?"

"எட்டல!"

"அதான்யா வழி!"

கழிகள் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தின் இருபுறமும் நட்டார்கள். கழிக்குக் கழி கொற்றன் கேட்டார், முள்ளி சொன்னாள். சில இடத்தில் முள்ளி கேட்டாள், பழைய நாளில் ஆறு எப்படி வளைந்தது என்று கொற்றன் சொன்னார். நீர் ஏறியபோது மூன்றாம் கப்பல் கழிகளுக்கு நடுவே மெதுவாக நுழைந்தது. ஒரு பலகையும் உரசாமல் ஆற்றுக்குள் வந்து நின்றது. அன்று ஆமைத்துறையில் உலை கொதிக்காத வீடு இல்லை. ஊர் அழுதுகொண்டே சாப்பிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வயிறு நிறைந்த ஊர் இருக்கிறதே, அதற்கு நன்றி செரிப்பதற்குள் நக்கல் பசிக்கத் தொடங்கிவிடும்.

மறுநாளும் கொற்றன் முள்ளியோடு சேற்றில் இறங்கினார். அதற்கு மறுநாளும் இறங்கினார். "அறுபது வயசுல அரிச்சுவடியா?" என்றார்கள். "மட்டிக்காரிக்குச் சிஷ்யனாம்!" என்றார்கள். "குமிழ் போனதோட மூளையும் கழண்டுபோச்சு" என்றார்கள். அவர் கரை சேர்த்த அரிசியைத் தின்ற வாயாலேயே சொன்னார்கள். கொற்றனுக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் காதைத் திறந்தவன் எல்லாவற்றையும்தானே கேட்டாக வேண்டும் என்று கழியைக் குத்திக்கொண்டு நடந்தார்.

அரசன் முள்ளியை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டான். "கப்பல்காரங்க ராத்திரியில நட்சத்திரத்தப் பாத்து வழி கண்டுபுடிக்கிறாங்களாம். அத எனக்குச் சொல்லித்தரச் சொல்லுங்க சாமி" என்றாள். கொடுப்பதற்கு என்று எடுத்து வைத்திருந்த பொற்கிழியை என்ன செய்வது என்று தெரியாமல் அரசன் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

சபைக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஊரைக் காப்பாற்றிய வழி ஒரு மட்டிக்காரியின் காலில் இருக்கலாமா? கூத்தனார் ஒரு பெரிய கல்லைக் கொண்டுவரச் சொன்னார். கழி நட்ட இடத்துக்கு நேராகக் கரையில் அதை நாட்டினார். அதில் இப்படி வெட்டினார்கள்: "ஆழமான வழி இதுவே. சந்திர சூரியர் உள்ளவரை இதுவே." கல்லுக்கு மாலை போட்டுச் சங்கு ஊதினார்கள்.

கொற்றன் சேற்றுக் காலோடு வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல கல்லுதான் கூத்தனாரே. எழுத்தும் அழகா இருக்கு. ஆனா மணலுக்குப் படிக்கத் தெரியாதே!"

கூத்தனாருக்குக் காதில் குமிழ் இருந்ததால் கோபம் வரவில்லை.

அடுத்த மழை வந்தது. சந்திரன் அப்படியே இருந்தான். சூரியனும் அப்படியே இருந்தான். வழி மட்டும் வடக்கே அறுபது அடி நகர்ந்து போய்விட்டது.

மழை ஓய்ந்ததும் கீழைத் தீவிலிருந்து அதே கப்பல் மறுபடி வந்தது. இந்த முறை அதில் இருந்தது விதைநெல். பஞ்சத்தில் ஊர் விதைநெல்லையும் தின்று தீர்த்திருந்தது. இது கரை சேர்ந்தால்தான் விதைப்பு. சேராவிட்டால் இனி எந்த ஆண்டும் அறுப்பு இல்லை.

கப்பல் தலைவன் ஆற்றின் வாயைப் பார்த்தான். ஒரு பக்கம், மாலை போட்ட கல். அதன் அருகே பட்டும் பொன்னுமாகச் சபை முழுவதும் நின்று, சங்கும் முரசும் முழங்க, "இங்கே வா" என்று கையை ஆட்டியது. மறுபக்கம், வடக்கே, ஒரு கட்டுமரம். அதன்மேல் ஈரத்துணியோடு ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் நின்று, "இங்க வாங்க" என்று கத்தினார்கள்.

அவன் யாரை நம்புவான்? ஊரின் மதிப்பு முழுக்கக் கல்லின் பக்கம் இருந்தது. ஊரின் சிரிப்பு முழுக்கக் கட்டுமரத்தின் பக்கம் இருந்தது.

கப்பல் தலைவன் பல கடல் பார்த்தவன். அவன் அந்த மனிதர்களை எடை போடவில்லை. வாயில் கையைக் குவித்து, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டான்:

"கடைசியா எப்ப எறங்கிப் பாத்தீங்க?"

அடைபட்ட காதுகளுக்குப் பக்கத்தில் நின்ற காவலன் சைகையால் கேள்வியை விளக்கினான். கூத்தனார் நெஞ்சை நிமிர்த்தினார். "போன ஆண்டே பார்த்தாயிற்று! கல்லில் வெட்டி முத்திரையும் போட்டாயிற்று!"

"இன்னிக்கிக் காலையில!" என்றார் கட்டுமரத்தில் நின்ற பெருங்கொற்றன்.

கப்பல் தலைவன் சுக்கானை வடக்கே திருப்பினான்.

கேட்டவர்களே, கதை சொன்னவனுக்குத் தொண்டை வறண்டது. உங்களுக்கு நீதியையும் கொடுத்துவிட்டு எழுகிறேன்: கற்று முடித்தேன் என்று சொன்ன அன்றே ஒருவனுடைய அறிவு பழசாகத் தொடங்குகிறது, சாகும்வரை கேட்டுக் கற்பவனே தானும் கரை சேர்ந்து பிறரையும் கரை சேர்க்கிறான்.